சானடோரியம் இல்லாத பாதை

மாடி அறையை எனக்கு விட்டுக்கொடுக்க என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். மழைக்காலத்தில் துணி காயப்போடுகிற கொடி அந்த அறையில்தான் இருக்கும், அதை நான் அவிழ்க்கக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டேன். ஐப்பசி மாதம் தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேலே ஈரப் புடவை தொங்கும் என்றோ, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் நான் ஒரு மாதமாக வெட்டி ஒட்டிய பிளாட்பாரக் கூரை ஊறி உப்பிப்போகும் என்றோ அப்போது தோன்றவில்லை.

வேறு இடமும் கிடையாது. எங்கள் வீடு முடிச்சூரில். வெள்ளம் வந்த வருஷம் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு வேண்டிய பொருள் எதையும் நாங்கள் கீழே வைப்பதில்லை. பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் மாடியில். அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுத்தான் நான் தண்டவாளம் போட ஆரம்பித்தேன்.

பழைய மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடின காலத்துப் பாதையை, தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரைக்கும், மேஜைமேல் அளவு பிசகாமல் கட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை பார்த்தேன். தினமும் தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவேன். மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்டபோது எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. புது வண்டியில் நிற்கவாவது இடம் கிடைத்தது, சந்தோஷப்பட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ, தன் ஊரில் எப்போதோ மூடிவிட்ட ரயில் பாதையை வீட்டுக்குள்ளேயே கட்டி ஓடவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் நம் பாதையை ஒருவரும் கட்டவில்லையே என்று ஒரு வேகம் வந்தது. அந்த வேகத்தைத் தவிர என்னிடம் வேறு தகுதி இல்லை. ஆயுசு முழுக்கக் காகிதம் பார்த்தவன். சுவரில் ஒரு ஆணி நேராக அடித்தது கிடையாது.

முதல் தலைவலி நிறம். ரயில் பெட்டிக்கு என்ன நிறம் பூசுவது என்று என்னோடு பயணம் செய்த பழைய நண்பர்கள் நாலு பேரைக் கேட்டேன். ஒருவர் பச்சை என்றார். ஒருவர் மஞ்சளும் பழுப்பும் என்றார். மூன்றாமவர் கீழே பச்சை, மேலே வெளிர் மஞ்சள் என்று அடித்துச் சொன்னார். நாலாவது ஆள், நாம் என்றைக்கு வெளியே நின்று பார்த்தோம், உள்ளே தொங்கினோம், அவ்வளவுதான் என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. இத்தனை வருஷம் ஏறி இறங்கின வண்டியின் நிறத்தை எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று தடவை பூசி மூன்று தடவை சுரண்டினேன். கடைசியில் பச்சையை வைத்துக்கொண்டேன். இன்று வரை அதைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் தப்பு என்கிறார்கள்.

அடுத்தது இடம். எண்பத்தேழில் ஒரு பங்கு என்று அளவு வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் மீட்டர் கேஜ் தண்டவாளத்துக்கு நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அவ்வளவு சின்னதாக்கியும், தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை உள்ளபடி போட்டால் பாதை என் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பால் பூத் வரைக்கும் போகும். என் அறையோ பதினாலுக்குப் பத்து அடி. ஆகவே இடது சுவரோரம் தாம்பரம், வலது சுவரோரம் குரோம்பேட்டை என்று முடிவு செய்தேன். இரண்டையும் சேர்க்க ஜன்னல் பக்கச் சுவரோரம் வளைந்து போகும் ஒரு துண்டுப் பாதை. நடுவே இருக்கிற சானடோரியம் ஸ்டேஷனுக்கு இடமில்லை. அதை விட்டுவிட்டேன். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, முன்னால் ஒரு ப்ளைவுட் பலகையை நிறுத்தி அதில் பச்சைமலையை வரைந்தேன். வண்டி தாம்பரத்தில் கிளம்பி மலைக்குப் பின்னால் போய் மறையும். சற்று நேரத்தில் குரோம்பேட்டையில் வந்து நிற்கும்.

தண்டவாளம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. மூன்று அடித் துண்டுகள். பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. இது பொம்மையா மின்சாதனமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. பொம்மை என்று எழுதினேன். பொம்மை என்றால் அதற்குத் தனிச் சான்று வேண்டுமாம். பொம்மை இல்லை என்று எழுதினேன். பிறகு என்ன என்று கேட்டார்கள். காகிதம் எழுதுவதுதானே என் தொழில், நான் சளைக்கவில்லை. ஆனாலும் பெட்டி கைக்கு வந்தபோது பொங்கல் கழிந்திருந்தது. மாசியிலும் பங்குனியிலும் உட்கார்ந்து, மின்சாரம் தடையில்லாமல் போகவேண்டும் என்று ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து ஒட்டினேன். சித்திரை பிறக்கும்போது வண்டி ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் நன்றாக இருக்கிறது என்றாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாவது நாள். காலையில் மாடிக்குப் போனால் தாம்பரத்தை விட்டு வெளியே வரும் தண்டவாளம் பாம்பு நெளிந்த மாதிரி பலகையிலிருந்து எழும்பி நிற்கிறது. இரண்டு இடத்தில் ஆணியையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் தூக்கியது. அன்று சாப்பிடக்கூட இறங்கிப் போகவில்லை.

எதிர்வீட்டு அக்காவைக் கேட்டால் என்ன என்று சொன்னது என் மனைவிதான். எதிர்வீட்டில் இருப்பவர் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. வாரக்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் தண்டவாளத்தின் மேல் நடந்தவர். நான் அவருக்கு வாசலில் வணக்கம் சொன்னதோடு சரி. அது நிஜ ரயில், இது வேறு சமாச்சாரம், அவருக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். மனைவி போய் அவரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

அவருக்கு முழங்கால் வலி. படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மேஜை விளிம்பைப் பிடித்தபடி குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் நீளத்துக்குப் பார்த்தார். விரலால் ஒரு இடத்தைத் தடவினார்.

"கேப் வுடல நீ" என்றார்.

கரண்ட் போகவேண்டும் என்பதற்காக எல்லா இணைப்பையும் ஒட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

"கரண்ட் போவும் சார். வெயில்ல இரும்பு நீளுமே, அது எங்க போவும்?"

அது இரும்பு இல்லை, வேறு உலோகக் கலவை என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எங்கெங்கே அறுக்கவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தேன். அறுத்து, மெல்லிய இடைவெளி விட்டு, மின்சாரத்துக்கு அடியில் தனித்தனியாக ஒயர் இழுத்தேன். பத்து நாள் வேலை. தண்டவாளம் படுத்துவிட்டது, பிறகு எழும்பவேயில்லை. ஒரு புது ஆள் பார்த்தவுடனே சொன்னதை நான் ஆறு மாதம் படித்தும் தெரிந்துகொள்ளவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நன்றிக்காக அவரை மறுபடி கூப்பிட்டு வண்டியை ஓட்டிக் காட்டினேன். தாம்பரத்திலிருந்து கிளம்பி, பலகை மலைக்குப் பின்னால் நுழைந்தது. அவர் குரோம்பேட்டைப் பக்கம் பார்க்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்க பூடுச்சு?"

பின்னால் வளைந்து வருகிறது என்றேன். நடுவில் சானடோரியம் வரவேண்டும், இடம் போதவில்லை, விட்டுவிட்டேன் என்று அளவுக் கணக்கையெல்லாம் விளக்கினேன்.

"அங்க கொகையே கெடையாதே சார்" என்றார். காபியைப் பாதி குடித்துவிட்டு, கால் வலிக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மலைக்குப் பின்னால் விட்டது தவிர எல்லாம் உள்ளபடி இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மனைவியிடம் புலம்பினேன். அவருடைய கணவரும் கேங்கில்தான் இருந்தார், வேலை செய்துகொண்டிருக்கும்போது வண்டி மோதி இறந்துபோனார், அந்த வேலையைத்தான் இவருக்குக் கொடுத்தார்கள், அது தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவில் என்றுதான் ஞாபகம் என்றாள். நீங்கள் அந்த இடத்தைப் போய் மலை வைத்து மறைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

அன்று முதல் அந்தப் பலகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதைப் பெயர்த்து எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகுதான் என் வேலையின் லட்சணம் தெரிந்தது. மறைந்திருக்கப்போகிறது என்று அந்த வளைவை ஏனோதானோ என்று போட்டிருந்தேன். ஸ்லீப்பர் கட்டைகள் சீராக இல்லை. ஒரு இடத்தில் ஜல்லியே இல்லை, வெறும் பசை. இரண்டு துண்டு சேருகிற இடம் முழங்கை மாதிரி முறிந்திருந்தது. இவ்வளவு நாள் வண்டி அதில் விழாமல் வந்ததே பெரிய விஷயம். பலகையை எடுத்த அதிர்வில் அந்த அதிர்ஷ்டமும் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்றாவது பெட்டி கவிழ்ந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். கவிழ்ந்தது. பெட்டியின் சக்கரம் சரியில்லை என்று நினைத்துச் சக்கரத்தை மாற்றினேன். அப்போது நாலாவது பெட்டி கவிழ்ந்தது. பெட்டிக்குள் கனத்துக்காகச் சின்ன நட்டு போல்ட் வைத்தேன். இஞ்சின் பெட்டியால் இழுக்க முடியாமல் வளைவிலேயே நின்று முனகியது. ஆடி போய் ஆவணி வந்தது. கீழே தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் மேலே குப்புறக் கிடந்த பெட்டியை நிமிர்த்திக்கொண்டிருப்பேன். மனைவி துணி எடுக்க வந்தால் அவள்மேல் பாய்வேன். ஒருநாள் அவள், நீங்கள் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தபோதே நிம்மதியாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனைக்கும் நடுவே அந்த இடத்துக்கு என்னால் ஆன அலங்காரம் செய்தேன். ஸ்டேஷனுக்கு இடமில்லை, ஆனாலும் பாதையோரம் ஒரு வேப்பமரம், ஒரு கிலோமீட்டர் கல். மரத்தடியில், கம்பியும் களிமண்ணும் வைத்து, தலையில் துணி கட்டி கையில் கடப்பாரை பிடித்த ஒரு பெண் உருவம். விரல் நகம் அளவுதான் இருக்கும். நாலு நாள் எடுத்தது. செய்து முடித்தபோது என்னைப் பற்றியே எனக்கு நல்ல எண்ணம் வந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் மரத்தையும் பார்க்கவில்லை, உருவத்தையும் பார்க்கவில்லை. வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவைப் பார்த்தார்.

"லைன் சரியில்ல சார். நடுவுல இழுக்குது."

அதை விடுங்கம்மா என்றேன். உங்கள் வீட்டுக்காரர் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அந்த இடத்தை மறைத்திருக்க மாட்டேன், அவர் ஞாபகமாகத்தான் இதைத் திறந்து செய்திருக்கிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"அவரு செத்தது வண்டலூராண்ட சார். இங்க இல்ல. அத்த பாக்கணும்னா நான் ஏன் முட்டி வலியோட உன் மாடி ஏறி வரேன்?"

அவரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதெல்லாம் வேலையைப் பற்றித்தான். தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவே இருந்த பாதை அவருடைய கேங்குடையது. அவர்கள் கணக்கில் அதற்கு லெங்த் என்று பெயர். எந்த மழையிலும் அங்கே ஜல்லி சரியவிட்டதில்லை. மேலதிகாரி ட்ராலியில் வந்து டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்துப் பார்த்தார், சிந்தவில்லை. ஒரு வருஷம் நன்றாக வைத்திருக்கிற கேங் என்று ஷீல்டு கொடுத்தார்கள். அந்த ஷீல்டு ஆபீஸ் அலமாரிக்குப் போய்விட்டது, போட்டோவில் இவர் பின்வரிசையில் பாதி முகம்தான் தெரியும்.

"நீ தாம்பரம் போட்ட, குரோம்பேட்டை போட்ட, கடையெல்லாம் கூட போட்ட. நாங்க போட்ட லைன மட்டும் காணோம். அதான் கேட்டேன்" என்றார்.

களிமண் பெண்ணை அவர் கடைசியில் எடுத்துப் பார்த்தார். கடப்பாரையை இப்படிப் பிடித்தால் இடுப்பு போய்விடும் என்று சொல்லிக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய். தண்டவாளத்தை அவர் தொடவே மாட்டார். நான் ரிட்டயர் ஆயிட்டேன், நீ தூக்கு என்பார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விரலைக் காட்ட, நான் முட்டி போட்டு, ஸ்லீப்பருக்கு அடியில் காகிதத் துண்டைச் செருகி உயரம் ஏற்றுவேன். ஒரு துண்டு போதும் என்பார். அடுத்த ஞாயிறு வந்து, அதிகம், எடு என்பார். நான் அளவுகோலை வைத்துச் சரியாக இருக்கிறது என்று நிரூபித்தால், ஸ்கேலு மேலயா சார் வண்டி போவுது என்பார். ஒருதரம் நான் கோபத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே எறிந்துவிட்டேன். அவர் அது உருண்டு போய் நிற்கிற வரை காத்திருந்து, அடுத்த ஸ்லீப்பரைக் காட்டினார்.

கார்த்திகையில் வண்டி மெதுவாகப் போனால் விழாமல் போனது. எனக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. பழைய டைம்டேபிள்படி ஓட்டவேண்டும் என்ற ஆசையைக்கூட விட்டுவிட்டேன். வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு சின்ன மஞ்சள் எச்சரிக்கைப் பலகை செய்து வளைவின் தொடக்கத்தில் நட்டேன். நிஜ ரயிலிலும் அப்படித்தானே வைப்பார்கள் என்று அவரிடம் காட்டினேன்.

"என் லெங்த்துல காஷன் போர்டா?" என்றார்.

இது என் மேஜை, என் பாதை, இதற்கு மேல் என்னால் முடியாது என்று குரலை உயர்த்தினேன். அவர் எழுந்து போய்விட்டார். மூன்று ஞாயிறு வரவில்லை. வாசலில் பார்த்தால் என் மனைவியிடம் மட்டும் பேசினார்.

அந்த மூன்று வாரமும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறை எங்கே என்று எனக்குத் தெரியும், முன்பே தெரியும். வளைவு ரொம்பக் குறுகல். எத்தனை காகிதம் செருகினாலும் அது மாறாது. அகலமாக வளைக்கவேண்டுமானால் குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் ஒரு முழம் போகவேண்டும். அந்தப் பிளாட்பாரம்தான் நான் செய்ததிலேயே உருப்படியானது. டிக்கெட் கவுன்ட்டர், சிமென்ட் பெஞ்சு, பூக்காரப் பெண்மணி எல்லாம் அதில் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ரம்பத்தை எடுத்து அறுத்தேன். கவுன்ட்டர் போயிற்று. பெஞ்சில் இரண்டு போயிற்று. மனைவி பள்ளி, காலேஜ் எல்லாம் போனது குரோம்பேட்டையிலிருந்துதான். அறுத்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை ஏன் குப்பையில் போடுகிறீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வளைவைத் திரும்பப் போட்டு முடித்ததும் நானே தெருவைத் தாண்டிப் போய் அவரைக் கூப்பிட்டேன். மஞ்சள் பலகையை எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

வண்டியை முழு வேகத்தில் விட்டேன். ஒரு தடவை போய் வந்தது. பத்துத் தடவை போய் வந்தது. ஒரு பெட்டிகூட ஆடவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"பரவால்ல சார்" என்றார். "லைன் குந்திச்சி."

நன்றி சொல்ல நான் வாயெடுப்பதற்குள் விரலை உயர்த்தினார். வேப்பமரத்தாண்ட ரெண்டாவது ஜாயின்ட்டில் சத்தம் வேற மாதிரி கீது, கேளு என்றார். கேட்டேன். எனக்கு எல்லா இணைப்பும் ஒரே மாதிரிதான் கேட்டது. அவர் திரும்பத் திரும்ப வண்டியை விடச் சொன்னார். நான் திரும்பத் திரும்பக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிறும் அதே இணைப்பைத்தான் காட்டினார். அதைப் பிரித்து மூன்று தடவை போட்டாயிற்று. எனக்கு இன்னும் அந்த வித்தியாசம் கேட்கவில்லை. மறுபடி பிரித்து வைத்திருக்கிறேன்.